விமான நிலையம் யாரிடம் கருத்துக் கேட்கிறது?

விமான நிலையத்தைப் பற்றிப் பேச வடசென்னையிலிருந்து ஒருத்தன் எதுக்கு என்று கேட்கலாம். மீனம்பாக்கம் ஊரின் தென்கோடி. எண்ணூர் வடகோடி. நடுவில் முழுச் சென்னையும் கிடக்கு. எங்க பக்கத்துக்கென்று துறைமுகம் இருக்கு, காசிமேடு இருக்கு, எண்ணெய் டேங்க்குகளும் கன்டெய்னர் லாரிகளும் இருக்கு. விமானம் எங்களுக்கு வானத்தில் போகிற சத்தம் மட்டும்தானே?

இல்லை. ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் வளைகுடாவுக்கு ஆள் அனுப்பாத தெரு குறைவு. கப்பல் வேலைக்குப் போறவங்களும் இப்போ பெரும்பாலும் பக்கத்தில் இருக்கிற துறைமுகத்தில் ஏறுவதில்லை. விமானத்தில் வேறொரு நாட்டுக்குப் போய், அங்கே நிற்கிற கப்பலில் சேர்றாங்க. துறைமுகத்துக்குக் கூப்பிடு தூரத்தில் வீடு இருந்தும் கடலுக்குப் போகிற வழி மீனம்பாக்கம்தான். வேடிக்கைதான், ஆனால் நடைமுறை. இப்படிப் போகிற ஒருவருக்குப் பின்னால் வழியனுப்பவும் கூட்டிவரவும் நாலு பேர் வருவாங்க. அந்த நாலு பேரை மனதில் வைத்துக்கொண்டுதான் இந்தக் குறிப்பை எழுதுகிறேன்.

விமான நிலையச் சேவை மேம்பட மக்கள் கருத்துச் சொல்ல வேண்டும், அதுவும் ஆக்கபூர்வமாகச் சொல்ல வேண்டும் என்று ஒரு அறிவுரை எப்பவும் ஓடிக்கிட்டே இருக்கு. திட்டாதீங்க, பண்பா எழுதுங்க, நல்லதையும் சேர்த்துச் சொல்லுங்க என்பதுதான் பெரும்பாலும் அதன் சாரம். எனக்கு இந்த அறிவுரையில் பாதிதான் உடன்பாடு. ஒரு கருத்து வேலை செய்வதும் செய்யாமல் போவதும் அதன் தொனியால் மட்டும் முடிவாவதில்லை. அந்தக் கருத்தை யாரிடம், எந்த இடத்தில் நிறுத்திக் கேட்டார்கள் என்பது முதல் விஷயம். அது எந்த மேசைக்குப் போய்ச் சேர்ந்தது என்பது இரண்டாவது. சென்னை விமான நிலையத்தின் கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுக் கதையை எடுத்துப் பார்த்தால் இது தெளிவாகவே தெரியும்.

முதலில், கேட்கிற இடம். உலகத்தின் விமான நிலையங்களை ஒப்பிட்டு மதிப்பெண் போடும் ஒரு ஆய்வு இருக்கு. ஏர்போர்ட் சர்வீஸ் குவாலிட்டி, சுருக்கமாக ஏஎஸ்கியூ. விமான நிலையங்களின் உலகக் கூட்டமைப்பான ஏசிஐ 2006-ல் தொடங்கியது. சென்னை உட்பட இந்தியாவின் பெரிய நிலையங்களெல்லாம் இதில் பங்கெடுத்து வந்திருக்கின்றன. "எங்கள் நிலையத்துக்கு 5-க்கு இத்தனை" என்று செய்தி வந்தால் பெரும்பாலும் இந்த ஆய்வைத்தான் சொல்றாங்க. முப்பதுக்கும் மேற்பட்ட கேள்விகள் இருக்கும். கழிவறை சுத்தம், ஊழியர் பண்பு, வழிகாட்டிப் பலகை, வரிசையில் நின்ற நேரம், வைஃபை என்று போகும். நன்றாக யோசித்து வடிவமைத்த கேள்விகள்தான். குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்தப் படிவத்தை எங்கே வைத்துக் கொடுக்கிறார்கள்? போர்டிங் கேட்டில். விமானம் ஏறக் காத்திருப்பவர்களிடம். அதாவது டிக்கெட் சரிபார்ப்பு, பெட்டி ஒப்படைப்பு, பாதுகாப்புச் சோதனை, வெளிநாடு என்றால் குடியேற்றச் சோதனை எல்லாம் முடிந்து, ஏசியில் நாற்காலியில் உட்கார்ந்து, கையில் ஒரு காபியோடு இருப்பவரிடம். அவருடைய கருத்து பொய்யில்லை. ஆனால் அந்த நேரத்தில் அந்த நாற்காலியில் இருந்து பார்த்தால் தெரிகிற விமான நிலையம் அது. ஊர் வந்து இறங்கி, மூணு பெட்டியையும் ஒரு போர்வை மூட்டையையும் டிராலியில் வைத்துக்கொண்டு வண்டி எங்கே நிற்குது என்று தேடுகிறவர் அந்த மாதிரியில் வர மாட்டார். வெளியே கம்பித் தடுப்புக்குப் பின்னால் ராத்திரி ரெண்டு மணிக்கு நிற்கிற அம்மா வரவே மாட்டாங்க. டிக்கெட் இல்லாததால் அவங்க கணக்குப்படி பயணியே இல்லை.

இந்தக் குறையை ஏசிஐயே உணர்ந்திருக்க வேண்டும். வந்திறங்குபவர்களுக்கென்று ஒரு தனி ஆய்வைப் பின்னாளில் தொடங்கினார்கள். நல்லது. ஆனால் வழியனுப்ப வந்தவர், கூட்டிப்போக வந்தவர், வாடகை வண்டி ஓட்டுநர், டிராலி தள்ளுகிற ஒப்பந்தத் தொழிலாளி, இவர்களுக்கு எந்தப் படிவமும் கிடையாது. இந்தியாவில், அதுவும் நம்ம ஊரில், ஒரு பயணம் என்பது ஒரு ஆள் விவகாரம் இல்லை. மாலை போட்டு, திருநீறு பூசி, வேன் பிடித்துக் கூட்டமாக வந்து அனுப்புகிற பழக்கம் குறைந்திருந்தாலும் போய்விடவில்லை. அந்தக் கூட்டத்தைத் தொந்தரவாகப் பார்ப்பதா, சேவை பெற வந்தவர்களாகப் பார்ப்பதா என்பது கட்டடக் கலை சார்ந்த கேள்வி மட்டுமில்லை.

இங்கே ஹூஸ்டன் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். 2012-ல் நியூயார்க் டைம்ஸில் வந்த ஒரு கட்டுரையால் பிரபலமானது. அமெரிக்காவின் ஹூஸ்டன் விமான நிலையத்தில் பெட்டி வர நேரமாகிறது என்று புகார் மேல் புகார். நிர்வாகம் பெட்டி இறக்குகிற ஆட்களைக் கூட்டியது. காத்திருப்பு சராசரி 8 நிமிடமாகக் குறைந்தது. புகார் மட்டும் குறையவில்லை. நின்று பார்த்தார்கள். விமானத்திலிருந்து பெல்ட்டுக்கு நடக்க ஒரு நிமிடம், பெல்ட் முன்னால் நிற்பது ஏழு நிமிடம். உடனே விமானங்களைத் தள்ளி நிறுத்தி, பெட்டியையும் கடைசி பெல்ட்டுக்கு அனுப்பினார்கள். இப்போது பயணி ஆறு மடங்கு தூரம் நடந்தார். போய்ச் சேரும்போது பெட்டி வந்திருந்தது. புகார் ஏறக்குறைய நின்றே போனது.

காத்திருத்தலின் உளவியலுக்கு உதாரணமாக இந்தக் கதையை மேலாண்மை வகுப்புகளில் சொல்றாங்க. புத்திசாலித்தனம்தான், ஒத்துக்கிறேன். எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் வேறொன்று தோன்றும். புகார் நின்றது, ஆனால் சேவை மேம்பட்டதா? ஒருவரின் பெட்டி ஒரு நிமிடம்கூட முன்னால் வரவில்லை. மூட்டுவலிக்காரர் ஒருவர் ஆறு மடங்கு நடந்தார். புகார் எண்ணிக்கையையே அளவுகோலாக வைத்துக்கொண்டால், புகார் சொல்ல நேரமில்லாமல் செய்வதும் ஒரு தீர்வாகிவிடும்.

சென்னையில் இதே நடை தலைகீழாக வேலை செய்தது. 2022 டிசம்பரில் மீனம்பாக்கத்தில் பல அடுக்கு வாகன நிறுத்தம் திறந்தார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கார்கள் நிற்கலாம். கூடவே கடைகள், சில வாரங்களில் சினிமா தியேட்டரும் வந்தது. வந்திறங்குபவர்களைக் கூட்டிப்போகும் செயலி வாடகை வண்டிகளை முனைய வாசலிலிருந்து இந்தக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். வாசலில் நெரிசல் குறைய வேண்டும் என்பது காரணம். காரணம் பொய்யில்லை. பழைய வாசலில் வண்டிகள் மூன்று வரிசையாக நின்று ஹாரன் அடித்ததும் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

ஆனால் முனையத்திலிருந்து அங்கே போக நடக்கணும், லிஃப்ட் பிடிக்கணும், எந்த மாடி எந்தத் தூண் என்று ஓட்டுநரோடு போனில் கத்தணும். வயதானவர்கள், கைக்குழந்தைக்காரர்கள், நிறையப் பெட்டியோடு வந்தவர்கள் எல்லோரும் எழுதினார்கள். ட்விட்டரிலும் எழுதினார்கள், பத்திரிகைக்கும் எழுதினார்கள். பேட்டரி வண்டி விட்டார்கள். பலகைகள் கூடின. ஒரு விமர்சனம் சேவையை நகர்த்திய நேரடி உதாரணம் இது. எனக்கு அதில் கவனிக்கத்தக்கதாகப் பட்டது, நகர்த்திய புகார்கள் எப்படி இருந்தன என்பது. "சென்னை ஏர்போர்ட் வேஸ்ட்" என்று எழுதிய ஆயிரம் பேர் எதையும் நகர்த்தவில்லை. "லிஃப்டில் ஒரு தடவைக்கு இத்தனை டிராலிதான் போகுது, என் முறை வர இத்தனை நிமிஷம், வரிசையில் சக்கர நாற்காலி ரெண்டு நின்னுச்சு" என்ற மாதிரி எழுதியவர்கள்தான் அதிகாரியின் கையில் ஒரு பிடி கொடுத்தார்கள். ஓட்டுநர்களும் கேட்கப்பட்டிருந்தால் இந்தப் பிடி திறப்பு விழாவுக்கு முன்னாலேயே கிடைத்திருக்கும் என்பது என் எண்ணம். ஒரு மாடியில் எத்தனை வண்டி திரும்ப முடியும் என்று அவங்களைவிட யாருக்குத் தெரியும்?

இதற்கு நேர்மாறான கதை கண்ணாடி விழுந்தது. புது ஆட்களுக்குச் சொல்கிறேன். 2013 ஜனவரி 31 அன்று அப்போதைய குடியரசுத் துணைத்தலைவர் ஹமீத் அன்சாரி சென்னையின் புது முனையங்களைத் திறந்துவைத்தார். அந்த ஆண்டே கண்ணாடிப் பலகைகளும் மேற்கூரைத் துண்டுகளும் விழ ஆரம்பித்தன. பத்திரிகைகள் எண்ண ஆரம்பித்தன. இருபத்தஞ்சாவது தடவை, அம்பதாவது தடவை என்று செய்தி வரும். 80-ஐத் தாண்டிப் போனது. ஊரே சிரித்தது. ஏர்போர்ட் போறவங்களுக்கு ஹெல்மெட் எடுத்துட்டுப் போ என்று சொல்வது அன்றைக்குச் சாதாரண நகைச்சுவை.

இது பொதுமக்கள் கருத்தா என்றால், ஆம். இதைவிட உரத்த கருத்து எந்த நிலையத்துக்கும் கிடைத்திருக்காது. ஆனால் அந்த எண்ணிக்கைக்குள் என்னென்ன இருந்தது பாருங்க. கண்ணாடிக் கதவு, சுவர்க் கண்ணாடி, மேற்கூரைப் பலகை, கிரானைட் கல். எல்லாம் ஒரே கணக்கில். இவை விழுகிற காரணங்கள் வேறு வேறு. மேற்கூரைப் பலகை விழுந்தால் அதைப் பிடித்திருக்கிற சட்டத்தையோ கசிவையோ பார்க்கணும். கதவுக் கண்ணாடி என்றால் கீல், டிராலி இடித்தது. கண்ணாடி தானாக உடைந்தால் அது தனிப் பாடம். சூடேற்றி உறுதியாக்கிய கண்ணாடிக்குள் நிக்கல் சல்ஃபைடு துகள் ஒன்று மாட்டியிருந்தால், யாரும் தொடாமலேயே பல மாதம் கழித்துச் சிதறலாம். உலகம் முழுக்கக் கட்டடங்களில் நடப்பதுதான். பொருத்துவதற்கு முன்னால் மறுபடி சூட்டில் வைத்துச் சோதிப்பது, நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்த அடுக்குக் கண்ணாடி போடுவது என்று இதற்கு வழிகள் உண்டு. சென்னையில் எது எதனால் விழுந்தது என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. சொல்ல வருவது இவ்வளவுதான்: "இது எத்தனையாவது?" என்று கேட்டவர்கள் ஆயிரம், "இது எந்த வகைக் கண்ணாடி, சோதித்தீர்களா?" என்று கேட்டவர்கள் சொற்பம். முதல் கேள்விக்கு நிர்வாகம் வெட்கப்படலாம். இரண்டாவதுக்குத்தான் பதில் சொல்லியாகணும்.

வெட்கம் சில நேரம் போதும் என்பதும் உண்மைதான். 2020 ஆகஸ்ட் 9. தூத்துக்குடி எம்.பி. கனிமொழி சென்னை விமான நிலையத்தில், தனக்கு இந்தி தெரியாது, தமிழிலோ ஆங்கிலத்திலோ பேசுங்கள் என்று சிஐஎஸ்எஃப் பாதுகாவலர் ஒருவரிடம் சொன்னதற்கு, நீங்கள் இந்தியரா என்று கேட்கப்பட்டதாக ட்விட்டரில் எழுதினார். சில வரிகள்தான். பணிவான தொனியும் இல்லை. அன்றைக்கே விசாரணைக்கு உத்தரவிட்டதாக சிஐஎஸ்எஃப் சொன்னது. சில நாட்களில், விமான நிலையங்களில் உள்ளூர் மொழி தெரிந்தவர்களைப் பணியில் வைக்க நடவடிக்கை எடுப்பதாகவும் அறிவித்தது. ஆக்கபூர்வம் என்றால் இனிமை என்று நினைப்பவர்கள் இந்த உதாரணத்தைப் பார்க்கணும். இடம், நாள், நடந்தது, எந்தத் துறை, இவை நாலும் அந்த வரிகளில் இருந்தன.

எழுதியவர் ஒரு எம்.பி. என்பதும் இருந்தது. அதை மறைக்க முடியாது. அதே கவுன்டரில் அதே கேள்வியை எதிர்கொள்ளும் ஒரு வெல்டர் என்ன செய்வார்? கோபத்தை விழுங்கிக்கொண்டு விமானம் ஏறுவார். அவருக்கு அந்த நேரத்தில் விமானம் முக்கியம். மொழி விஷயத்தில் அதற்கு முன்பே 2019 ஜனவரியில், அறிவிப்புகளை முதலில் உள்ளூர் மொழியில், பிறகு இந்தி, ஆங்கிலத்தில் செய்ய வேண்டும் என்று விமான நிலையங்களுக்கு உத்தரவு போனது. பல தரப்பிலிருந்தும் கோரிக்கை வந்த பிறகு நடந்தது அது. ஆனால் ஒலிபெருக்கி அறிவிப்பையே குறைத்துக்கொள்ளும் அமைதி நிலையம் என்ற வழக்கமும் கூடவே வளர்ந்துகொண்டிருக்கிறது. பலகை படிக்கத் தடுமாறுகிறவருக்குத் தமிழ் அறிவிப்பு ஒரு பக்கம் கிடைத்து, இன்னொரு பக்கம் அறிவிப்பே போகிறது. இதை யாரிடம் கேட்டு முடிவு செய்கிறார்கள்? மறுபடியும் போர்டிங் கேட் நாற்காலிதான் நினைவுக்கு வருது.

இனி, மேசை. நாம் விமான நிலையம் என்று ஒரே வார்த்தையில் சொல்வது ஒரே அலுவலகம் இல்லை. கட்டடம், கழிவறை, டிராலி, வாகன நிறுத்தம் எல்லாம் இந்திய விமான நிலைய ஆணையம். உடல் சோதனை, நுழைவாயில் சிஐஎஸ்எஃப். பாஸ்போர்ட் முத்திரை குடியேற்றத் துறை, அது உள்துறை அமைச்சகத்தின் கீழ். பெட்டியைத் திறந்து பார்ப்பவர்கள் சுங்கத்துறை, அது நிதி அமைச்சகம். பெட்டி தாமதமானால் விமான நிறுவனமும் அதற்காக வேலை செய்யும் ஒப்பந்த நிறுவனமும். வெளியே ஜிஎஸ்டி சாலை நெரிசல் மாநிலக் காவல்துறை. ஆறு தலை. குடியேற்ற வரிசை நீளம் என்று ஆணையத்தைத் திட்டினால் அவர்கள் கையில் ஒன்றும் இல்லை. மத்திய அரசு 2016 நவம்பரில் கொண்டுவந்த ஏர்சேவா தளம் இந்தச் சிக்கலுக்காகத்தான். ஒரே இடத்தில் எழுதினால் உரிய துறைக்குப் பிரித்து அனுப்பும். பயனுள்ள ஏற்பாடு. ஆனால் முனைய வாசலுக்கு வெளியே அதன் கை நீளாது.

இந்த இடத்தில்தான் எங்க பக்கத்து ஆட்களுக்கு ஒரு திறமை உண்டு என்று நினைக்கிறேன். வடசென்னைக்காரனுக்கு நட்சத்திரம் போடத் தெரியாமல் இருக்கலாம். மனு எழுதத் தெரியும். அனுப்புநர், பெறுநர், பொருள். இந்த மூன்று வரியிலேயே பாதி வேலை முடிந்துவிடும். ஏனென்றால் பெறுநர் என்று எழுதும்போதே இது யார் வேலை என்று முடிவு செய்தாகணும். ஐந்து நட்சத்திரத்துக்குப் பெறுநர் கிடையாது.

எண்ணூரில் இதைப் பெரிய அளவிலேயே செய்து காட்டினார்கள். கொசஸ்தலை ஆற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் சேர்வதை "மாசு, மாசு" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. எந்தக் குழாய், எந்த இடத்தில் கசியுது, ஆழம் எவ்வளவு குறைஞ்சிருக்கு என்று மீனவர்கள் சொன்னார்கள். விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் போய், நிபுணர் குழு வந்து பார்த்தது. எண்ணூர் கழிமுகத்தைக் காட்டும் 1996-ஆம் ஆண்டு கடலோர வரைபடமும், அதைக் காட்டாத இன்னொரு வரைபடமும் இருப்பதைத் தகவல் உரிமைச் சட்டம் வழியாகவே வெளியே கொண்டுவந்தார்கள். முழுக்க வென்றுவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் பெரியகுப்பம் மக்கள் அமோனியா நெடியில் எழுந்து ஓடியதையும் பார்த்தோம். ஆனால் பதில் சொல்லியே ஆகவேண்டிய கேள்வி எப்படி இருக்கும் என்று இந்த ஊருக்குத் தெரியும். அதைக் கொஞ்சம் மீனம்பாக்கம் பக்கம் திருப்பிப் பார்க்கலாம்.

ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன். மெட்ரோ. 2021 பிப்ரவரி 14 அன்று வண்ணாரப்பேட்டையில் நின்றுகொண்டிருந்த நீல வழித்தடம் விம்கோ நகர் வரை நீண்டது. அடுத்த ஆண்டு மார்ச்சில் திருவொற்றியூர் தேரடியும் விம்கோ நகர் பணிமனை நிலையமும் திறந்தன. இன்றைக்கு அந்த வண்டியின் ஒரு முனை நாங்க, மறுமுனை விமான நிலையம். 32 கிலோமீட்டர் சொச்சம், ஏறத்தாழ ஒரு மணி நேரம், கட்டணம் 50 ரூபாய்க்குள். பீச் ஸ்டேஷனில் இறங்கி, தாம்பரம் வண்டி மாறி, திரிசூலத்தில் இறங்கிச் சுரங்கப்பாதை வழியாகப் பெட்டி தூக்கிய ஆளுக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விமான நிலையச் சேவையில் வடசென்னைக்குக் கிடைத்த மிகப் பெரிய முன்னேற்றம் எதுவென்றால், புது முனையமோ கோலம் வரைந்த கூரையோ இல்லை. இந்த ரயில்தான்.

ஆனால் நேரம் போட்டுப் பாருங்க. முதல் வண்டி காலை 5 மணிக்கு. விமான நிலையம் சேர 6 ஆகும். வெளிநாட்டு விமானத்துக்கு மூணு மணி நேரம் முன்னால் வரச் சொல்றாங்க. அப்படியென்றால் காலை 9-க்கு முன்னால் கிளம்பும் எந்த வெளிநாட்டு விமானத்துக்கும் விம்கோ நகர்க்காரர் மெட்ரோவில் போக முடியாது. உள்நாடு என்றால் ரெண்டு மணி நேரம், ஆக காலை 8-க்கு முன்னால் கிளம்பும் எதற்கும் முடியாது. ராத்திரி 11 மணிவாக்கில் கடைசி வண்டி. வளைகுடாவிலிருந்து வரும் விமானங்கள் பல நள்ளிரவு தாண்டி விடிவதற்குள் இறங்குபவை. எந்த மக்கள் இந்த ரயிலின் வடமுனையில் இருக்கிறார்களோ, அவர்கள் அதிகம் ஏறும் விமானங்கள் ரயில் தூங்கும் ஆறு மணி நேரத்தில் வந்து போகின்றன. மிச்சம் இருப்பது வாடகை வண்டி. அதுவும் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரி வரிசைக்குள் புகுந்து வெளியே வரணும். விம்கோவுக்கு வடக்கே கத்திவாக்கம், எண்ணூர் என்றால் பகலிலேயே மெட்ரோ இறங்கி ஷேர் ஆட்டோ பார்க்கணும்.

இந்தக் குறையை ஏஎஸ்கியூ படிவத்தில் எங்கே எழுதுவது? விமான நிலையத்துக்கு வந்து சேரும் வசதி எப்படி என்று ஒரு கேள்வி இருக்கும். அதற்கு 2 என்று குறிக்கலாம். அந்த 2-ஐ வைத்துக்கொண்டு யார் என்ன செய்வார்கள்? ஆணையம் ரயில் ஓட்டுவதில்லை. சென்னை மெட்ரோவுக்கு ஆணையத்தின் மதிப்பெண் கவலை இல்லை. மாநகர்ப் போக்குவரத்துக் கழகத்துக்கு இரண்டுமே இல்லை. ராத்திரி தண்டவாளப் பராமரிப்பு நடக்கணும், அதனால் மெட்ரோ முழு இரவும் ஓட முடியாது என்பதும் நியாயமான பதில்தான். அப்போ கேள்வியை மாற்றிக் கேட்கணும். ரயில் ஓடாத நேரத்தில், அதே வழியில், மெட்ரோ நிலையங்களைத் தொட்டுக்கொண்டு ஒன்றரை மணிக்கு ஒன்று என்று எண்ணூர் வரை பேருந்து விட்டால் எத்தனை பேர் ஏறுவார்கள்? இதைக் கணிக்கத் தேவையான எண்கள் மூன்று அலுவலகங்களில் தனித்தனியாகக் கிடக்கின்றன. எந்த மணியில் எத்தனை பேர் இறங்குகிறார்கள் என்பது ஆணையத்திடம். பகலில் விமான நிலைய மெட்ரோவில் ஏறி விம்கோ, தேரடி, டோல்கேட்டில் இறங்குபவர்கள் எத்தனை என்பது மெட்ரோவிடம். ராத்திரியில் பேருந்தும் ஆளும் மிச்சம் உள்ள பணிமனை எது என்பது போக்குவரத்துக் கழகத்திடம்.

மூன்றுமே தகவல் உரிமைச் சட்டத்துக்குள் வருபவை. 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். (சிஐஎஸ்எஃப் மட்டும் அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் விலக்குப் பெற்றது. ஊழல், மனித உரிமை மீறல் விவகாரம் தவிர வேறு எதையும் அங்கே கேட்க முடியாது. சோதனை வரிசையைப் பற்றிக் கேட்பதென்றால் ஆணையத்திடம்தான் கேட்டுப் பார்க்கணும்.)

இன்னொரு கதவும் இருக்கு, அதிகம் பேர் தட்டாதது. உங்க விமான டிக்கெட்டின் விலைப் பிரிவை எடுத்துப் பாருங்க. யூடிஎஃப் என்று ஒரு தொகை இருக்கும், விமான நிலையத்தைப் பயன்படுத்துவதற்காக நீங்கள் கட்டுவது. பெரிய நிலையங்களில் இது எவ்வளவு என்று தீர்மானிப்பது ஏரா என்கிற பொருளாதார ஒழுங்குமுறை ஆணையம். 2008-ஆம் ஆண்டுச் சட்டப்படி உருவானது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு நிலையத்துக்கும் கணக்குப் போடும்போது, என்ன செலவு, எதற்குச் செலவு, பயணியிடம் எவ்வளவு வாங்கலாம் என்று ஒரு ஆலோசனை அறிக்கை வெளியிட்டு, தேதி குறித்து, எழுத்து மூலம் கருத்துக் கேட்பார்கள். வந்த கருத்துகளையும் அவற்றுக்கு நிலையம் சொன்ன பதிலையும் தன் முடிவையும் சேர்த்து ஏரா உத்தரவாக வெளியிடும். கருத்துச் சொன்னால் பதில் வந்தே தீரும் இடம் இது. ஆனால் அறிக்கை நூற்றுக்கணக்கான பக்கம், ஆங்கிலத்தில், கணக்காளர் மொழியில் இருக்கும். அதனால் கருத்துச் சொல்பவர்கள் பெரும்பாலும் விமான நிறுவனங்களின் அமைப்புகள். அவர்களுக்குத் தரையிறங்கும் கட்டணம் கவலை. வாசலுக்கு வெளியே நிற்பதற்கு ஒரு நிழல், ஒரு பெஞ்ச், ஒரு கழிவறை வேண்டும் என்பதை அந்தச் செலவுக் கணக்கில் சேர்க்கச் சொல்லி எழுத அவர்களுக்கு என்ன அவசியம்?

கழிவறை வாசலில் முகக்குறி அமுக்கும் திரைகளையும் நான் ஒதுக்கவில்லை. சிங்கப்பூர் சாங்கியில் அது நன்றாகவே வேலை செய்கிறது. அழுக்கு என்று அமுக்கினால் மேற்பார்வையாளருக்குத் தகவல் போய் ஆள் வருவார். அங்கே கேட்பவரும் செய்பவரும் ஒரே சங்கிலியில் இருக்கிறார்கள், விஷயமும் ஐந்து நிமிடத்தில் தீரக்கூடியது. இரவுப் பேருந்து அப்படித் தீராது. அதற்கு மூன்று பெறுநர் போட்ட மனுதான் வேண்டும்.

நான் ஒரு வரைவு எழுதி வைத்திருக்கிறேன். பொருள்: இரவு 11 முதல் காலை 5 வரை விமான நிலையம் – திருவொற்றியூர் – எண்ணூர் தடத்தில் பொதுப் போக்குவரத்து தொடர்பாக. மேலே சொன்ன மூன்று கேள்விகளும் அதில் தனித்தனியாக இருக்கு. இதில் ஒரு இடம் மட்டும் காலியாக விட்டிருக்கிறேன்: ராத்திரியில் வந்திறங்கிய நாள், மணி, வீடு போய்ச் சேர்ந்த நேரம், கொடுத்த வண்டிக் காசு. ராயபுரம் முதல் எண்ணூர் வரை யாராவது இந்த நாலு விவரத்தைக் குறித்து வைத்திருந்தால் எழுதுங்க. பெயர் வேண்டாம். ஒரு முப்பது வரி சேர்ந்தால் மனுவோடு இணைத்து அனுப்பலாம்.